செல்லையா மாஸ்டருக்கு நான் குடுத்த குடும்பம்

அக்காவின்ரை கலியாண அழைப்பிதழ் உறையளிலை பேர் எழுதவேணும். அவ்வளவுதான் வேலை.

"கையாலை எழுதாதையுங்கோ அம்மா. பட்டியலை அனுப்புங்கோ, கொழும்பிலை கம்பியூட்டரிலை அடிச்சுக்கொண்டு வாறன்" எண்டு கடிதம் போட்டன். வேலை கிடைச்சு நாலு மாசம். அந்தத் திமிர்!

நான் வேலை செய்யிற கந்தோரிலை அலுமாரியள் மாதிரி வரிசையாய் நிக்கிற பெரிய மெஷின். பெரியவரைக் கெஞ்சி, மத்தியானச் சாப்பாட்டை விட்டிட்டு, அசெம்பிளர் எண்ட மெஷின் பாஷையிலை ஒரு புரோகிராம் எழுதினன். சிலரின்ரை பேர் நீட்டு, சிலரின்ரை பேர் கட்டை. அதாலை ஒவ்வொரு பதிவின்ரை தலையிலும் அதின்ரை நீளம் குறிச்சிருக்கும். அதைப் பாத்து அந்தளவை மட்டும் எடுத்து அடிக்கவேணும்.

நான் பாக்கேல்லை! எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு எடுத்தன். நீட்டுப் பேருக்குப் பிறகு கட்டைப் பேர் வந்தால், முந்தினதின்ரை வால் அப்பிடியே மிஞ்சி நிக்கும்.

ஊருக்கு, பண்டத்தரிப்புக்கு வந்து, இங்கிலீசிலை அடிச்ச தாளை விரிச்சுப் பாத்தால், "வேலு அன்ட் ஃபமிலிமிலி". பாதிப் பேருக்கு இந்தக் கோலம்!

பிரிண்டரிலைதான் பிழை எண்டு நானே தீர்ப்புச் சொன்னன். கத்தரிக்கோலாலை வாலுகளை நறுக்கி, பேரை உறையிலை ஒட்டி, ஊரைக் கையாலை எழுதித் தபாலிலை போட்டன்.

"என்னடா உந்தக் குப்பை?" எண்டா அம்மா.

"உங்களுக்கு உது விளங்காது."

நாலாம் நாள் உடுவிலிலை இருந்து சைக்கிளிலை வந்து இறங்கினார் செல்லையா மாஸ்டர். மாப்பிள்ளையின்ரை தாய்மாமன். அம்பத்தெட்டு வயசு. கலியாணமே கட்டாத மனுசன்.

உறையை நீட்டினார். "கே. செல்லையா அன்ட் ஃபமிலி."

"ஆர் தம்பி என்ரை ஃபமிலி? என்ரை தமக்கை, மாப்பிள்ளையின்ரை தாய், நேற்றிலையிருந்து அழுறா. 'எங்களுக்குத் தெரியாமல் எங்கை வைச்சிருக்கிறாய், எத்தினை பிள்ளையள்' எண்டு கேக்கிறா. உதுக்கு மறுமொழி தெரியாமல் கலியாணம் இல்லையாம்!"

கதவுக்குப் பின்னாலை நிண்டு அக்கா என்னைப் பாத்த பார்வை இருக்கே!

பட்டியலை எடுத்துப் பாத்தன். அதிலை மாஸ்டர் வெறும் "கே. செல்லையா". மாஸ்டருக்கு முந்தின ஆள், "பி. கந்தையா அன்ட் ஃபமிலி". கந்தையாவுக்கும் செல்லையாவுக்கும் இங்கிலீசிலை ஏழேழு எழுத்து! கந்தையாவின்ரை குடும்பம் அளவெடுத்துத் தைச்ச மாதிரி வந்து பொருந்தியிருக்கு. நறுக்க ஒண்டும் மிஞ்சேல்லை.

விளங்கப்படுத்தினன்.

"கதை விடாதையும்" எண்டார்.

கடைசியிலை அம்மாதான் குப்பைக் கடகத்தைக் கொண்டுவந்து அவரின்ரை காலடியிலை கவிட்டா. மிலி, லி, மிலி... மாஸ்டர் ஒவ்வொண்டாய்ப் பொறுக்கிப் பாத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். தமக்கைக்குக் காட்ட ஒரு பிடி வாலைச் சட்டைப் பையுக்குள்ளை போட்டுக்கொண்டு போனார்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. மாஸ்டர் தனியாத்தான் வந்தார். போகேக்கை கையிலை பெரிய சாப்பாட்டுப் பொதி.

"நாலு பேருக்குக் கட்டுவிச்சனான் தம்பி. நீர் தந்த குடும்பம் வீட்டிலை பாத்துக்கொண்டிருக்கும்."