கில்ட்றோவிகள் என்ன ஆக்கள்?

ஒருவருடைய பெயரை வைத்து அவர் நல்லவரா என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது. ஆனால் ஒருவரால் முடியும். அவர் பூர்வீக விசாரணையாளர்.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். கலியாண மண்டபத்தில், கோயில் வரிசையில், பல் வைத்தியரின் கதிரையில் நீங்கள் வாயைத் திறந்தபடி கிடக்கும்போதுகூட, “தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?” என்று தொடங்கி, கோயிலுக்குக் கிழக்கா மேற்கா என்று ஊரின் ஒழுங்கை, சந்து எல்லாம் கேள்வியாலேயே நடந்து, உங்கள் பூட்டனைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு விடுவார். ஏன் கேட்கிறார்? “சும்மாதான்.” சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது.

கனடாவில், யூனியன்வில்லில் இருக்கும் தியாகலிங்கம் இந்த இனத்தில் மூத்தவர். அவருடைய மகள் சுபாங்கி, இயன் கில்ட்றோவி என்பவனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். வெள்ளைக்காரன் என்பதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். விசாரிக்க ஓர் ஒழுங்கை இல்லையே!

“விசாரிக்காமல் கலியாணத்துக்கு ஓம் சொல்லமாட்டன்.”

மூன்று வாரம் கணினியே கதி. ஸ்கொட்லாந்திலேயே நூறு பேருக்குக்கூட இல்லாத பெயராம். மலைமேல் கோட்டை, மன்னர் கொடுத்த நிலம், குலச் சின்னத்தில் மான். மான்! “நல்ல ஆக்கள்தான்” என்று பிறம்ரன் சொந்தக்காரர்வரை தொலைபேசியில் அறிவித்துவிட்டு, கோட்டையின் படத்துக்குச் சட்டமும் போட்டார்.

தேநீருக்கு வந்த இயனின் தாய் றெபேக்கா, படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “இது எங்களுடையது இல்லை. இயனின் பூட்டன் கனடாவுக்குக் கப்பலில் வந்த அநாதைப் பிள்ளை. வளர்த்த பண்ணைக்காரர் தன் பெயரைக் கொடுத்தார். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.”

தியாகலிங்கத்தின் கையில் வடைத்தட்டு அப்படியே நின்றது.

“உங்கள் நவரட்ணம் என்ற குடும்பப் பெயர் எத்தனை நூற்றாண்டுப் பழையது?” என்று றெபேக்கா ஆசையோடு கேட்டார்.

தியாகலிங்கம் அவசரமாக வடைத்தட்டை நீட்டினார். சுபாங்கி விடவில்லை.

“சொல்லுங்கோ அப்பா. அது அப்பப்பான்ரை பேர். தொண்ணூறாம் ஆண்டு அகதி ஃபோமிலை குடும்பப் பேர் எண்ட இடம் வெறுமையாக் கிடந்தது, நீங்கள் எழுதி நிரப்பினீங்கள். இயன்ரை பேர் எங்கடையை விட மூப்பு. இப்ப ஓமோ, இல்லையோ?”

தியாகலிங்கம் தட்டை மேசையில் வைத்தார். “ஓம்” என்றார்.

சுபாங்கி கட்டிப்பிடித்தாள். அந்தப் பிடிக்குள் இருந்தபடியே அவள் காதில் கேட்டார்: “பிள்ளை, அந்தப் பண்ணைக்காரர் என்ன ஆக்கள்?”

சிரிக்கிறீர்கள். தியாகலிங்கம் ஊரில் எந்தப் பக்கம் என்று நடுவில் உங்கள் மனம் ஒருமுறையாவது கேட்கவில்லையா? உண்மையைச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். “இதை எழுதினது ஆரின்ரை பிள்ளை?” என்று கேட்பவருக்கு மட்டும் இரண்டு தரம் சொல்லுங்கள்.