வலது மூலைப் பழக்கம்

"இருபது வருஷமா வலது மூலையில மூடினவன் நான். திடீர்னு இடது மூலையில மூடுன்னா எப்படி மூடுவேன்?"

குடிநீர் அலுவலகத்துத் தலைமை எழுத்தரான என் வீட்டுக்காரர், ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று கேட்டார். அலுவலகக் கணினிகளுக்குப் புது இயங்குதளம் வந்திருந்தது. கோப்பை மூடும் பெருக்கல் குறி பழையதில் திரையின் வலது மூலையில் இருந்தது. புதியதில் இடது மூலைக்குக் குடிபோய்விட்டது.

"இடது மூலைக்குப் போய் அமுக்குங்களேன்."

"அமுக்கலாம். பழக்கம்னு ஒண்ணு இருக்கே!"

மூடினால்தான் கோப்பு பொறியாளருக்குப் போகும். ஒரு வாரமாகத் திறந்தே கிடந்தவற்றில் எங்கள் தெருக் கோப்பும் ஒன்று. தெருவின் இடப்பக்கக் குழாய் உடைந்து எங்கள் வரிசைக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர் வரிசை டீச்சர் வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து என் இடுப்பு கழன்றுகொண்டிருந்தது.

"அப்ப முகம் பார்க்கிற கண்ணாடியை எதிரே வச்சுப் பாருங்க. இடது வலதாயிடும்" என்றேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், இதைவிடக் கடுமையாகப் பேச எனக்கு வராது.

மனிதர் சிரிக்கவில்லை. யோசித்தார். அப்போதே எனக்கு உதறல் எடுத்திருக்க வேண்டும்.

மறுநாளே சுற்றறிக்கை: 'பணியாளர்தம் நெடுநாள் பழக்கத்திற்கு யாதொரு ஊறும் நேராவண்ணம், மேசைக்கு ஒன்று வீதம் கண்ணாடி வழங்க இதனால் ஆணையிடப்படுகிறது.'

திரைகளைத் திருப்பி வைத்துக் கண்ணாடியைப் பார்த்து வேலை செய்தார்கள். குறி வலது மூலைக்கு வந்துவிட்டது. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரிந்தது. அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு. மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடியது, அதற்கு இன்னொன்று. மேலதிகாரி தலை சீவிக்கொண்டே ஒப்புதல் தருவதாகக் கேள்வி.

"உன் யோசனைக்குப் பாராட்டுப் பத்திரமே வந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கே, காட்டுங்க?"

"மேலதிகாரிக்கு வந்துச்சு."

எங்கள் கோப்பும் மூடப்பட்டது. ஆட்கள் கடப்பாரையோடு வந்து டீச்சர் வீட்டு முன்னால் தோண்டத் தொடங்கினார்கள்.

ஓடினேன். "ஏம்ப்பா, உடைஞ்சது அந்தப் பக்கம்!"

"ஆர்டர்ல வலதுன்னு இருக்கும்மா."

"அங்கே ரோடே குளமா நிக்குதே, கண்ணு தெரியலையா?"

"தெரியுதும்மா. ஆர்டர் இல்லையே."

கோப்பிலிருந்த தெரு வரைபடத்தையும் கண்ணாடியிலேயே பார்த்திருக்கிறார் என் வீட்டுக்காரர்! வலப்பக்கக் குழாய் உடைந்திருப்பதாக எழுதி அனுப்பியிருந்தார். கடப்பாரை இறங்கியதும் அதுவும் உடைந்தது. ஆணையில் இருந்த ஒரே பிழையும் நீங்கியது.

சாயங்காலம் வாளியோடு வாசலுக்கு வந்தேன். எதிர் வாசலில் டீச்சரும் வாளியோடு நின்றார். இரண்டு வரிசையிலும் வாசலுக்கு ஒருவர், கைக்கொரு காலி வாளி. தெருவுக்கு நடுவில் கண்ணாடி வைத்த மாதிரி இருந்தது.

பழக்கம்னு ஒண்ணு இருக்கே! வாய் தானாகவே கேட்டுவிட்டது:

"டீச்சர், ஒரு வாளி தண்ணி தருவீங்களா?"