பச்சைப் பவுடர்

கதிரைக்குப் போக வேண்டிய பச்சைப் பெயின்ட் பவுடர் முழுவதும் கணபதியின் மேல் ஒட்டியிருந்தது. மீசை, காது, இடுப்பில் கட்டிய சாரம் எல்லாம் பச்சை. கொக்கியில் தொங்கிய இரும்புக் கதிரை மட்டும் சாய்மானமும் நாலு காலும் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன கணபதி, கதிரைக்கு அடிக்கச் சொன்னா ஒங்களுக்கே அடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் ஸரூக் முதலாளி.

"நானா அடிக்கிறேன் மொதலாளி? அதுவால்ல அடிக்குது."

அது என்றது புது மெஷினை. தூணில் ஏறி இறங்கி, பவுடரில் மின்சாரம் ஏற்றித் தானாகவே தூவும் இரண்டு ஸ்பிரே கன். எண்பத்தாறாம் வருஷம் அந்தப் பதுளைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் கையில் கன்னோடு கதிரைக்கு இந்தப் பக்கம் கணபதி, அந்தப் பக்கம் இராமையா. கணபதி முகமூடிக்குள்ளிருந்தே தோட்டத்து லயத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். இராமையா தலையாட்டுவான். பவுடர் போகாமலிருக்கக் காதில் பஞ்சு வைத்திருப்பான்.

மெஷின் வந்ததும் இராமையா நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டான். பட்டறைப் பின்னறையில் தங்கும் கணபதிக்குப் பேச ஆளில்லை. ஆக்கிய சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்றான்.

மெஷின் சரிவராவிட்டால் இராமையாவைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? கதிரை தொங்கும் கம்பியிலிருந்து மண்ணுக்குப் போகும் எர்த் வயரைக் கணபதி யாருமறியாமல் கழற்றிவிட்டான். எர்த் இல்லாத இரும்பில் பவுடர் ஒழுங்காக ஒட்டாது. எர்த் உள்ளதைத் தேடிப் போகும். ஈரச் சிமெந்தில் வெறுங்காலோடு தானே எர்த்தாக நிற்பதை அவன் யோசிக்கவில்லை.

"ஸ்பிரே கன்னக் கதிரக்கிட்டத் தள்ளுங்க," என்றார் முதலாளி.

தள்ளினான். கதிரையிலிருந்து பொறி பறந்து அவன் முழங்கையைக் கடித்தது.

"அப்ப தூரத் தள்ளி, காத்தக் கூட்டுங்க."

கூட்டினான். பவுடர் கதிரையைத் தாண்டிப் போய் முதலாளியின் வெள்ளைத் தொப்பியில் உட்கார்ந்தது.

முதலாளி தொப்பியைக் கழற்றி உதறினார். "இது சரிவராது. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குக் கதிர குடுக்கணும். ஜௌபர், லொறிய எடுத்துட்டுப் போய் இராமையாவக் கூட்டிட்டு வாங்க."

கணபதி பச்சை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சிரித்தான்.

பிறகு அவனுக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை. குளித்தான். பாதிப் பச்சைதான் போயிற்று. இரண்டு பேருக்கு உலை வைத்தான். இன்னொரு சோற்றுக் கோப்பையைத் தேடிக் கழுவினான். சேர்ந்து கிடக்கும் கதைகளில் எதை முதலில் சொல்வது என்று யோசித்து, தனக்குத்தானே ஒருமுறை சொல்லியும் பார்த்தான்.

சாயந்தரம் லொறி வந்தது. டிரைவர் ஜௌபர் மட்டும் இறங்கினான்.

"எங்கப்பா அவன்?"

"வர ஏலாதாம். தேயில மலையில தனியா மருந்தடிக்கிறாரு. அதுதான் நிம்மதியாம்."

"மெஷின் ஓடலன்னு சொன்னியா?"

"சொன்னேன் அண்ணே." ஜௌபர் லொறிக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மொதலாளியக் கெஞ்சி அந்த மெஷின வாங்க வச்சதே அவருதானாம். 'அதுக்குக் காதில்ல, கணபதி அதுக்கிட்டப் பேசிக்கிடட்டும்'னாரு."