நான் வறுத்த கிழங்கும் மச்சானின் ஜூஸும்

மனைவியின் அண்ணன் கெட்டவராக இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. நிம்மதியாகத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். நல்லவராக அமைந்துவிட்டால்தான் திண்டாட்டம். எனக்கு அமைந்தவர் நல்லவர். கினிகத்தேனையில் பேக்கரி வைத்திருக்கிறார். எப்போதும் சிரித்த முகம். அவரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, வயதாகிவிட்டது.

ஹட்டனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பார் இருக்கிறது. முன்னால் கவுன்டரில் தம்பி, பின்னால் அடுப்படியில் நான். குடிக்க வருகிறவர்கள் தொட்டுக்கொள்ளும் பைட்ஸ் எல்லாம் என் கைதான்: மிளகாய் போட்டுப் பிரட்டிய டெவல் கிழங்கு, கடலை, கருவாட்டுப் பொரியல்.

வட்டவளைக்கு மேலே தோட்டத்துக்குள் ஒரு சிறுவர் இல்லம். நாற்பது பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சிஸ்டர். அரிசி, பருப்பு, பள்ளிக் கொப்பி, மழைக்கோட்டு என்று பாரிலிருந்து மாதாமாதம் அங்கே போகும். பௌர்ணமிப் போயா நாளில் சட்டப்படி பாரை மூட வேண்டும். அதனால் அன்றைக்கு நானே வேனில் கொண்டுபோய் இறக்குவேன். பிள்ளைகள் "தேங்க்யூ அங்கிள்" என்று கோரஸாகச் சொல்வார்கள். அவ்வளவுதான். பருப்பு மூட்டை கொண்டுவருகிறவனை யாரும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதில்லை.

மச்சானைக் கட்டிப்பிடிப்பார்கள். வருஷத்தில் ஒரே ஒரு நாள், இல்லத்தின் ஆண்டு விழாவுக்குக் கேக்கோடு வருவார். அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தாங்களே ஒரு மாலை கட்டி, தங்களுக்கு ரொம்பப் பிடித்த பெரியவருக்குப் போடுவார்கள். யாருக்கு என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து மச்சானுக்கு. மூன்று முறையும் நான் கைதட்டினேன். (பலமாகத் தட்டினேன். உள்ளே எரிவது வெளியே கேட்கக் கூடாதே.)

நாலாவது வருஷம் விழா ஒரு போயாவில் வந்தது. முதல் நாள் மனைவி செல்வி வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னாள். அண்ணனின் பேக்கரி அடுப்பு பழுதாம், கேக் கிடையாதாம், பேஷன் புரூட் ஜூஸ்தான் கொண்டுவரப் போகிறாராம். வெளியே மூன்று நாளாக மழை. ஸ்வெட்டருக்குள்ளேயே நடுங்கும் பிள்ளைகளுக்கு ஜூஸ்! எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. விடிந்ததும் பார் அடுப்படிக்குப் போய் இரண்டு தாச்சி நிறைய டெவல் கிழங்கு போட்டேன். காரத்தைப் பாதியாகக் குறைத்தேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

செல்வி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, உப்பு தூக்கலா இருக்குங்க."

"ஒங்கண்ணன் கேக்குல சீனி தூக்கலா இருந்தப்ப இப்பிடிச் சொன்னியா?"

"அண்ணன எதுக்கு இழுக்கிறீங்க? பச்சப் புள்ளைங்க திங்கப் போகுது."

"ஒனக்கு அவரு தோத்துடுவாருன்னு பயம். பேசாம வேன்ல ஏறு."

நானும் ருசி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே? பார் கிழங்குக்கென்று ஓர் அளவு உண்டு. இரண்டு வாய் போட்டதும் கை தானாகக் கிளாசைத் தேட வேண்டும். அதற்காகவே உப்பைக் கூட்டிப் போடுவோம். தொழிலே அதில்தான் ஓடுகிறது. இருபது வருஷமாக என் கை அந்த ஓர் அளவைத்தான் அள்ளியிருக்கிறது. நாக்கும் அதற்குப் பழகிவிட்டது.

விழா தொடங்கும் முன் கிழங்கைப் பரிமாறினோம். தட்டுகள் நிமிஷத்தில் காலி. "அங்கிள், இன்னுங் கொஞ்சம்!" என்று என்னைச் சுற்றி ஒரே கூட்டம். மூலையில் மச்சான் தன் ஜூஸ் கேன்களோடு தனியாக நின்றார். அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்க முயன்றேன். மேசைமேல் மாலை தயாராக இருந்தது. என் கழுத்துக்குச் சரியாக இருக்குமா என்று கண்ணாலேயே அளந்துகொண்டேன்.

அப்புறம் ஒரு பையன் ஜூஸ் பக்கம் போனான். அவன் பின்னால் நாலு பேர். அதற்குப் பின்னால் நாற்பது பேரும். ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸ், மூன்று கிளாஸ். வியர்க்க வியர்க்க ஊற்றினார் மச்சான். ஹட்டனில் சாராயத்துக்கு நான் செய்துவந்த சேவையை அன்றைக்கு அவருடைய ஜூஸுக்குச் செய்துவிட்டேன் என்பது மெல்லத்தான் உறைத்தது.

"இந்தக் குளிர்லயும் புள்ளைங்க இப்பிடிக் குடிக்குதே! என்னா ஜூஸுங்க இது!" என்று வியந்தார் சிஸ்டர். கேன்கள் காலியானதும் பிள்ளைகள் குழாயடிக்குப் போனார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிரதம அதிதி பேச எழுந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். தலைப்பு, பொறுமை. அரை மணி நேரம் ஆனது. பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நெளிந்தார்கள். சிஸ்டர் முறைத்த முறைப்பில் யாரும் எழவில்லை. அதிபர் குரலை உயர்த்தி, "பிள்ளைகளே, வாழ்க்கையில் உங்களுக்கு எத்தனையாவது இடம் வேண்டும்?" என்று கேட்டார்.

நாற்பது பேரும் ஒற்றை விரலைத் தூக்கினார்கள்.

அதிபர் நெகிழ்ந்துபோனார். "முதலிடம்! இதுவல்லவோ தன்னம்பிக்கை!"

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "இல்ல சார், ஒண்ணுக்கு" என்றாள்.

அவள் ஓடியதும் மொத்த மண்டபமும் பின்னால் ஓடியது. இல்லத்தில் இருந்தது இரண்டே கழிப்பறை. வரிசை வாசல்வரை வந்து மழைக்குள் நீண்டது. கொஞ்ச நேரத்தில் அதிபரும் மெல்லப் போய் அதே வரிசையில் நின்றார். (அவரும் ஒரு தட்டுக் கிழங்கு சாப்பிட்டிருந்தார். இரண்டாவது தட்டை வற்புறுத்தி வைத்ததும் நான்தான்.)

மாலை? நாலாவது முறையாக மச்சானுக்கு.

அடுத்த வருஷம் நான் பிஸ்கட் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளத்தான் இருந்தேன். பிள்ளைகள் கிழங்குதான் வேண்டும் என்று சிஸ்டர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அதே உப்போடு வேண்டுமாம். செய்துகொண்டு போனேன். மச்சானும் மறுபடி ஜூஸ் கேன்களோடுதான் வந்திருந்தார். விழா முடிவில் மாலை என் கழுத்தில் விழுந்தது! கண் கலங்கிவிட்டது எனக்கு. மாலை போட்ட சிறுமியிடம், "ஏம்மா எனக்கு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீங்க கெழங்கு கொண்டாந்தாதான் அங்கிள், எத்தன கிளாஸ் ஜூஸ் கேட்டாலும் சிஸ்டர் ஏசாம குடுக்கிறாங்க."

மாலையைக் கழற்றாமலே வேனை ஓட்டிக்கொண்டு வந்தேன். வட்டவளை தாண்டியதும் செல்வி மெல்லச் சொன்னாள்: "ஒங்களுக்கு ஒரு மால விழணும்னாலும் எங்கண்ணன்தான் வர வேண்டியிருக்கு, பாத்தீங்களா?"

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் அவள் இதைச் சொல்லாமல் விடமாட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மச்சான் மட்டும் சிரிக்கமாட்டார். "அப்பிடிச் சொல்லாத தங்கச்சி, அது மாப்புள கைப்பக்குவத்துக்கு விழுந்த மால" என்று எனக்காகப் பரிந்து பேசுவார்.

அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.