சோறு ஆறுது

"சிவராசா, தண்ணி எங்கயப்பா போட்டுது?"

அம்புறோஸ் தூண்டில் தடியோடு நின்றார். விடியற்காலையில் அவர் வீசிய இடத்தில் இப்போது சேறும் கடற்பாசியும்தான் கிடந்தன. அதற்கப்பால் பனிமூட்டம், வெள்ளைப் புகார். கடலின் சத்தம் மட்டும் எங்கோ உள்ளே கேட்டது.

"வத்திப் போச்சு அண்ணை," என்றார் சிவராசா. "எங்கட கடல் வைச்ச இடத்தில இருக்கும். இது வேலைக்குப் போட்டு வாற கடல் போல கிடக்கு."

அம்புறோஸ் மடுப் பக்கம் குளத்தில் மீன் பிடித்து வளர்ந்தவர். மொன்றியலுக்கு வந்தபிறகு பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து இல்-பிசார் தீவுக் கரைக்குப் போய் ஆற்றில் பிடித்தார். அந்த மீனில் ஒரு துண்டைக்கூட கடலோர மன்னார்க்காரியான அவர் மனைவி செலீன் வாயில் வைத்ததில்லை. "மண் மணக்குது. உங்கட கையால ஒரு கடல் மீன் பிடிச்சுக் கொண்டுவாங்கோ, பாப்பம்," என்பாள்.

போன வருடம் செலீன் இறந்துபோனாள். இந்த ஞாயிறு ஆண்டு நினைவுப் பூசை. பூசை முடிந்து வீட்டில் போடும் சாப்பாட்டில் அவர் பிடித்த கடல் மீன் இருக்கவேண்டும். அதற்காகத்தான் பக்கத்து வீட்டுச் சிவராசாவின் காரில் இரவிரவாக ஓடி, கஸ்பே போகும் வழியில் இந்தக் கரைக்கு வந்திருந்தார்கள். படகு இல்லை. இருவருக்கும் நீந்தவும் தெரியாது.

"தண்ணி வராட்டி நாங்கள் அதிட்டப் போவம்," என்றார் அம்புறோஸ்.

போனார்கள். சிவராசாவின் ஒரு சப்பாத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. அதை இழுக்கப் போனதில் மற்றதும் புதைந்தது.

"விடும், வரேக்க எடுப்பம். அது எங்க போகப்போகுது?"

சாப்பாட்டுப் பையும் பாரமாக இருந்தது. வழியில் ஒரு கறுப்புப் பாறையில் அதை வைத்தார்கள்.

"மெள்ள வையும். செலீன் உள்ளுக்க இருக்கிறா," என்றார் அம்புறோஸ்.

போனைத்தான் சொல்கிறாரென்று சிவராசாவுக்கு விளங்கியது. ஆற்றங்கரையில் நேரம் மறந்து நிற்கும் மனுசனை வீட்டுக்கு அழைக்க, செலீன் தன் குரலையே அவருடைய போனில் அலாரமாகப் பதிந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு நாள் மத்தியானமும், நிறுத்தும்வரை அது கத்தும். அவள் போனபிறகும் அவர் அதை அழிக்கவில்லை. அவளுடைய குரல் வேறெதிலும் இல்லை.

தண்ணீரோரம் ஒரு பெரிய பாறை இருந்தது. ஏறி நின்று வீசினார்கள். புகார் நெருங்கி வந்து கரையை மூடியது. பறவைகளின் சத்தமும் நின்றுபோனது. திடீரென்று எதிரே தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மொட்டைத் தலை எழும்பி, பெரிய கண்களால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பொன்சூர்," என்றார் சிவராசா மரியாதையாக.

தலை பதில் சொல்லாமல் அமிழ்ந்தது.

"கடல்நாய் காணும் அது!"

"எதுவா இருந்தாலும் அண்ணை, இஞ்ச பிரெஞ்சில கதைச்சாத்தான் பிரச்சினை வராது."

அப்போது தடி வளைந்தது. வெள்ளி உடம்பில் கோடு கோடாக ஒரு பெரிய மீன் துள்ளியது. அதே நேரம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போதும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வாங்கோ. சோறு ஆறுது."

"அண்ணை, அக்கா கூப்பிடுறா."

"கூப்பிடட்டும். முதல்ல மீனைப் பிடியும்!"

சிவராசா மீனை அள்ளி ஜாக்கெட்டுக்குள் திணித்தார். குரல் திரும்பவும் வந்தது.

"இண்டைக்கு அக்கா கொஞ்சம் கோவம் போல."

"புகாருக்குள்ள அப்பிடித்தான் கேக்கும்."

சிவராசா திரும்பிப் பார்த்தார். நடந்து வந்த சேற்றைக் காணவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர். கரை எந்தப் பக்கமென்று தெரியவில்லை.

"அண்ணை, கடல் வேலை முடிஞ்சு வந்திட்டுது!"

இறங்கினார்கள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. சிவராசாவின் போன் காற்சட்டைப் பைக்குள் நனைந்து செத்தது. ஜாக்கெட்டுக்குள் மீன் அவர் வயிற்றில் அடித்தது. "சோறு ஆறுது," என்ற குரலை மட்டும் பிடித்துக்கொண்டு இருவரும் தள்ளாடினார்கள். கால் கரையின் கூழாங்கல்லில் பட்டதும் குரல் நின்றது.

கறுப்புப் பாறை தண்ணீருக்கடியில் போயிருந்தது.

"பாறை நடுவிலயெல்லோ இருந்தது? அவ எங்களுக்கு முன்னால நிண்டெல்லோ கூப்பிட்டவ?" என்றார் அம்புறோஸ்.

"பை மிதந்து வந்திருக்கும் அண்ணை. இப்ப தாண்டுபோச்சு."

அம்புறோஸ் திரும்பக் கடலுக்குள் இறங்கினார். சிவராசா கொலரைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

அன்றிரவு ஒரு மோட்டலில் தங்கி உடுப்பைக் காயவைத்தார்கள். அடுத்த நாள் காரில் வரும்போது, மத்தியானமானதும் இருவரும் கதையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. சிவராசா வானொலியைப் போட்டார். அம்புறோஸ் அதை நிறுத்தினார்.

வீட்டில் மகள் ஷெரோன் மீனை வாங்கிப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இவ்வளவு பெரிய மீனைப் பிடிச்சுப்போட்டு ஏனப்பா முகம் இப்பிடிக் கிடக்கு?"

"கொம்மாவைக் கடலுக்குள்ள விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை. போன் பையோட போட்டுது. இனி அந்தக் குரல் இல்லை."

ஷெரோன் மீனைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். சோற்றுப் பானைக்குப் பின்னாலிருந்து ஒன்றை வயரோடு எடுத்து நீட்டினாள்.

"என்னப்பா நீங்கள், போனை இஞ்ச சார்ஜில மறந்திட்டெல்லோ போட்டீங்கள், நேற்று மத்தியானமும் அம்மா குசினிக்குள்ள கத்தத் தொடங்க, நான்தான் ஓடிவந்து நிப்பாட்டினனான்."