உறையில் கிராம்பு வாசனை

தாராவி, பம்பாய்.
20-9-1964

மாமா வானமாமலை அவர்களுக்கும் அத்தை முப்பிடாதியம்மாள் அவர்களுக்கும் மருமகன் செல்லத்துரை கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் நலம். பூமாரி அக்கா நலம். குழாய்த் தண்ணீர் காலை நாலு முதல் ஐந்து வரை நலம். மழை தேவைக்கு மேல் நலம். துப்பாக்கி மட்டும் நலமில்லை.

பயப்படாதீர்கள். வெடிக்கவில்லை. யாரும் சாகவில்லை. தேய்ந்துவிட்டது.

சுருக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கல்லூரியில் தத்துவம் படித்தவனுக்குச் சுருக்கம் கைகூடும் என்று நம்பினேன். துப்பாக்கி விஷயத்தில் அது கைகூடவில்லை.

பதினெட்டு வருஷம் மில்லின் சம்பளப் பெட்டிக்குக் காவலாக வேனில் போய்வந்தீர்கள். போன தீபாவளியோடு ஓய்வு பெற்று நாங்குநேரிக்குப் புறப்பட்டீர்கள். புறப்படும் முன் மில் காவலுக்குப் பொறுப்பான மேஜர் சாகிப் அறைக்கு என்னைக் கூட்டிப்போய், "என் மருமகன். என் கை மாதிரி" என்று உங்கள் இடத்தில் நிறுத்தினீர்கள். ரிவால்வர் மில்லுடையது. அது எனக்கு வந்தது. உறை உங்கள் சொந்தம். அது உங்களோடு ஊருக்குப் போயிற்று. இந்தப் பாகப்பிரிவினையில் தொடங்கியது எல்லாம்.

முதல் நாள் அதைக் கையில் வாங்கியது நினைவிருக்கிறது. கருநீலம். நாவல்பழத்துத் தோலின் நிறம். ஜன்னல் அதில் தெரிந்தது. ஜன்னலுக்குள் நான் தெரிந்தேன். பதினெட்டு வருஷம் ஒருவர் இடுப்பில் தொங்கிய இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை. மேஜர் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "தேக்கோ. வானமாமலை கா ஹாத்." வானமாமலையின் கையைப் பார் என்கிறார். நான் இரும்பைப் பார்க்கவில்லை. உங்கள் கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டில் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். மாதுங்காவில் நாம் நடந்துகொண்டிருந்தோம். நீங்கள் சீருடையில். எதிரே மூன்று பேர், சட்டைப் பொத்தான் போடாதவர்கள், வழியை அடைத்து நின்றார்கள். நீங்கள் இடுப்பு உறையை இரண்டு முறை தட்டினீர்கள். டொக், டொக். மூன்று பேரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். பிறகு நீங்கள் ஒன்றுமே நடக்காததுபோல கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பி, வெற்றிலைக் கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். பம்பாய் என்றால் எனக்கு அந்தச் சத்தம். அந்த உறையின் வாசனை. தோலும் கிராம்பும். தோலில் பூச்சி விழாமலிருக்கக் கிராம்பு எண்ணெய் தடவுகிறீர்கள் என்று அன்றே மனதில் எழுதிக்கொண்டேன். பிற்பாடு அது எனக்கு எதிராக வேலை செய்தது. சொல்கிறேன்.

எனக்கு உறை வேண்டியிருந்தது. நம் தெரு முனையில் தோல் தைக்கும் சலாவுதீன் பாயிடம் போனேன். மேலப்பாளையத்துக்காரர். உங்களுக்குத் தெரிந்தவர்தான்.

"வானமாமலை மருமவனா? உக்காரும். குரோமு தோல்ல தச்சுத் தாரேன். உம்ம பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்."

உறை கிடந்தது. துப்பாக்கிதான் கிடக்கவில்லை. ஜூனில் மழை பிடித்தது. தோல் ஊறியது. தோலைப் பதப்படுத்திய உப்பு எல்லாம் ஈரத்தில் வெளியே வந்து இரும்பைப் பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் குழல் முழுக்கப் பழுப்புப் புள்ளி. அம்மை போட்டிருந்தது. திரும்ப பாயிடம் போனேன்.

"ஓய், உப்பு இருந்தா என்னவே? அது தோலு. துப்பாக்கிய ஏன் அதுக்குள்ளயே ராத்திரியும் பகலும் போட்டு வச்சீரு?"

"உறைன்னா போட்டு வைக்கத்தானே பாய்?"

"உம்ம மாமா ஒரு நாளும் இப்பிடி வந்து நின்னதில்ல. அவருக்கு நான் தச்சது ஆவாரம்பட்டையில ஊறப்போட்டுப் பதம் பண்ணின தோலு. அது ராசி."

ஆவாரம்பட்டைத் தோல் அவரிடம் இல்லை. ஆகவே கான்வாஸ். பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒன்று கிடைத்தது. கான்வாஸ் ஊறினால் காய்ந்துவிடும், உப்பு கிடையாது, கனம் கிடையாது என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. வேனின் பின்புறக் கதவு சரியாகச் சாத்தாது. மில் வாசல் வரை தூசி. அந்தத் தூசி துணியின் நெசவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அது உப்புத்தாள். ஒரு மாதத்தில் குழலின் நுனி வெள்ளி. குண்டு போடும் உருளையின் விளிம்பெல்லாம் வெள்ளி. தலை நரைப்பதைப் பார்த்திருக்கிறேன். இரும்பு நரைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவிடம் சொன்னது என் தப்பு.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பிள்ளையத் துணியில சுத்துற மாதிரி சுத்தணும்லே. கொண்டா இங்க."

கல்யாணத்துக்குத் தைத்த சிவப்பு வெல்வெட் ரவிக்கை ஒன்று, இப்போது அவளுக்குச் சேராதது, அதை வெட்டி, நான் தடுக்கத் தடுக்க உறைக்கு உள்பக்கம் முழுக்க வைத்துத் தைத்துவிட்டாள், "இனிமே இதுல ஒரு கீறல் விழட்டும், என் பேர மாத்திக்கிடுதேன்" என்றாள், நானும் நம்பினேன், அடுத்த சம்பள நாளில் பாங்க் வாசலில் மேஜர் திடீரென்று வந்து ரிவால்வரைக் காட்டு என்றார், எடுத்தேன், அது கோழிக்குஞ்சு மாதிரி வெளியே வந்தது, முழுக்கச் சிவப்புப் பஞ்சு, குழலின் வாய்க்குள் ஒரு கொத்து, வியர்வை ஈரத்தில் சாயம் இறங்கி என் உள்ளங்கை வேறு சிவந்துபோய்விட்டது, யாரோ ஒருவர் "கூன்! கூன்!" என்று கத்தினார், ரத்தம் என்று நினைத்துக்கொண்டு பாங்குக்குள் இருந்த கிழவர் இரண்டு பேர் தரையில் படுத்துவிட்டார்கள், மேஜர் மட்டும் அசையாமல் நின்று ஒரு பஞ்சை விரலால் எடுத்து ஊதினார். வெல்வெட் மெத்தென்று இருக்கிறது, உண்மை. ஆனால் தூசியும் அதே மெத்தையில்தான் படுக்கிறது. பஞ்சைத் துடைத்த பிறகு பார்த்தால் கான்வாஸில் தப்பிய நீலத்திலும் பாதி போயிருந்தது.

அடுத்தது ரெக்ஸின். அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ரெக்ஸினுக்கு மூச்சு கிடையாது. உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். துப்பாக்கி மீன் மாதிரி நனைந்து கிடந்தது. ஆகஸ்ட் புழுக்கத்தில் ரெக்ஸின் இளகி இரும்போடு ஒட்டிக்கொண்டது. மேஜர் எதிரே இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். உறை வந்தது. பெல்ட் வந்தது. கால்சட்டையும் வரப் பார்த்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் சல்யூட் அடித்தேன். நான் படித்த தத்துவத்தில் இதற்கு இடமில்லை.

கடைசியாகக் கிராம்பு எண்ணெய். உங்கள் ரகசியம் என்று நினைத்ததைச் செய்தேன். உறைக்குள் ஒரு சீசா ஊற்றினேன். மறுநாள் மேஜர் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்து, கவலையோடு, பல்வலியா என்று கேட்டார்.

மாமா, இதுவரை சிரித்திருப்பீர்கள். இனிமேல் சிரிக்க வேண்டாம்.

வரும் 25ஆம் தேதி அரையாண்டுச் சோதனை. ஆயுதம் சரியாக வைத்திருக்கவில்லை என்றால் ரிவால்வரை வாங்கிக்கொண்டு என்னைத் தேவ்நார் பஞ்சுக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் ஒரு கம்பு கொடுப்பார்கள். கம்பு தேயாது. எனக்குக் கம்பைப் பற்றி வருத்தமில்லை. என் கை மாதிரி என்று சொன்னீர்களே, அந்தச் சொல்தான். பதினெட்டு வருஷம் நீங்கள் காத்ததை பத்து மாதத்தில் நான் உரித்துப் போட்டேன். இரவில் அதைத் துடைக்கும்போது வெள்ளி விளிம்பில் என் முகம் துண்டு துண்டாகத் தெரிகிறது. நீலத்தில் முழுசாகத் தெரிந்தது.

ஆகவே கேட்கிறேன். உங்கள் பழைய உறையை உடனே பார்சலில் அனுப்புங்கள். வெறும் ஆவாரம்பட்டையா, உள்ளே வேறு ஏதாவது தைத்திருக்கிறீர்களா, எந்த எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எல்லாம் எழுதுங்கள். அது வந்து சேர்ந்தால் இனியாவது மிச்சமிருக்கும் நீலத்தைக் காப்பாற்றுவேன் என்று மேஜரிடம் சொல்லிப் பார்ப்பேன். உங்கள் உறை என்றால் அவர் ஒருவேளை இரங்குவார்.

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? கனகவள்ளியின் குழந்தைக்கு என் முத்தம். வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் அன்பும் வயதுக்குத் தகுந்தபடி பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் கை போல இல்லாத மருமகன்,
செல்லத்துரை

பின்குறிப்பு. 26-9-1964.

தபால்தலை வாங்க மறந்து கடிதம் ஆறு நாளாகத் தலையணைக்கு அடியில் இருந்தது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும்.

நேற்றுச் சோதனை முடிந்தது. மேஜர் ரிவால்வரை வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளி நுனியைத் தடவினார். புள்ளிகளைப் பார்த்தார். நான் கம்பை மனதில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் திருப்பிக் கொடுத்து இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். உறை எதுவானாலும் நுனி தேயும், விளிம்பு தேயும். இது இடுப்பில் இருந்த துப்பாக்கி. நன்றாகத் துடை, எண்ணெய் போடு, வேலையைப் பார். உன் மாமா வைத்திருந்தவரை இதில் ஒரு கீறல் இல்லை. பதினெட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் இடுப்பில் இருந்தது என்ன?"

வேலை தப்பியது. வெளியே வந்தேன். காசாளர் சுப்ரமணியன் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மாதுங்காக்காரர், சம்பளப் பெட்டிச் சாவி வைத்திருப்பவர்.

"உமக்கு நெஜமாவே தெரியாதா? உம்ம மாமா ரிவால்வரை எண்ணெய்த் துணியில சுத்திச் சம்பளப் பெட்டிக்குள்ளேயே வெச்சுடுவார். பூட்டுறது நான். சாவி எங்கிட்ட."

"பெட்டியைக் காக்கிற துப்பாக்கி பெட்டிக்குள்ளயா?"

"மொத மழையிலேயே லேசாத் துரு ஏறித்து. மேஜர் கத்தினார். அன்னிக்குக் கண்டுபிடிச்சார் மனுஷன். தோல்ல வெச்சா துரு, துணியில வெச்சா தேய்மானம், ஒண்ணுலயும் வெக்கலேன்னா ஒண்ணும் இல்லேன்னு."

"அப்ப உறைக்குள்ள?"

"வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு. நீளமா ஒரு தகரப் பெட்டி. எனக்கும் அதுலேர்ந்துதான் ரெண்டு கிராம்பு தருவார்."

மாமா, மாதுங்காவில் நீங்கள் தட்டியது பெட்டியில் பாக்கு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கத்தானே?

மேஜர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இன்று மாலை அதே மாதுங்காத் தெருவில் அதே மாதிரி மூன்று பேர் வழியை அடைத்து நின்றார்கள். அவர்கள்தானோ, அவர்கள் தம்பிகளோ. நான் உறையை இரண்டு முறை தட்டினேன். உள்ளே நிஜத் துப்பாக்கி, ஆறு குண்டோடு. சத்தமே வரவில்லை. அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கடை ஓரமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

உறையை அனுப்ப வேண்டாம். அந்தத் தகரப் பெட்டியை மட்டும் அனுப்புங்கள்.