மாமியார் கல்லறையில் ஒரு கோணல் மரை

வேண்டாத மாப்பிள்ளைகள் இரண்டு வகை. கூப்பிட்டால் மட்டும் வருகிறவன் ஒருவன். யாரும் கேட்காமலே "நான் செஞ்சி தர்றேன்" என்று முந்திக்கொண்டு நிற்பவன் இன்னொருவன். இரண்டாவது வகையில் எனக்குத் தங்கப் பதக்கமே கொடுக்கலாம்.

என் மனைவி ரீத்தாவின் வீட்டார் பீடோங் ஊரில் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். நான் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் பக்தன். அவளுக்காக ஞானஸ்நானம் வாங்கினேன். மாமியார் மனம் மட்டும் அசையவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு ரீத்தா," என்பார். (நானும் சுவரிடம்தான் "வேணாங்க அத்தை" என்பேன்.) கண்ணை மூடும்வரை என் முகத்தைப் பார்த்து அவர் பேசவே இல்லை.

அவர் இறந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு, இரும்புச் சிலுவை ஒன்று வைக்க முடிவானது. மச்சான் சேவியர் பட்டறையில் கொடுத்து சிலுவையைப் பற்றவைத்து வாங்கி வந்தான். அடியில் விரல் தடிமனுக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் திருகாணிக்கு இருப்பது போல் மரை போட்டுவிட்டால், கல்லறை சிமெண்டில் பதித்திருந்த நட்டில் திருகி நிறுத்திவிடலாம்.

"மரை பட்டறையிலேயே போட்டுடலாம் மச்சான். நாளைக்கு வரச் சொன்னாங்க," என்றான்.

"எதுக்கு? நான் போடறேன் லா. தினமும் மரை வெட்டுற டையோடதான் எனக்கு வேலை."

பொய் இல்லை. தொழிற்சாலை ஸ்டோரில் டையை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்தால் துடைத்து அடுக்குவதுதான் என் வேலை. அந்த வட்ட இரும்பின் நடுவே பல் இருக்கும், கம்பியில் வைத்துத் திருகினால் மரை விழும் என்பதோடு என் ஞானம் முடிந்தது. ஆனாலும் அந்தச் சிலுவை என் கையால் நிற்க வேண்டும் என்று வெறி. செத்த பிறகாவது அந்த அம்மாவுக்கு நான் மருமகனாக வேண்டாமா?

சிலுவையை வைஸ் பிடியில் தலைகீழாக இறுக்கினேன். ரீத்தா அதைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கம்பி முனையை முதலில் அரத்தால் ராவ வேண்டுமாம். நான் ராவவில்லை. எண்ணெய் விட வேண்டுமாம். ரீத்தா சமையல் எண்ணெயைக் கொண்டு வந்து நீட்ட, "அப்பளமா பொரிக்கிறோம்?" என்று விரட்டினேன். அவ்வப்போது பின்னால் திருப்பி இரும்புச் சீவலை உடைக்க வேண்டுமாம். நானோ முன் வைத்த காலைப் பின் வைக்காத வீரன்.

டை கம்பியின் மேல் மட்டமாக உட்கார வேண்டும். என்னுடையது தொப்பியைச் சாய்த்துப் போட்டது மாதிரி உட்கார்ந்தது. பார்த்தேன். போகப் போக நேராகிவிடும் என்று விட்டுவிட்டேன். (கல்யாணத்தின்போது மாமியார் விஷயத்திலும் இதையேதான் நினைத்தேன்.) முடித்தபோது மரை ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் நகக்கீறல் போலவும் இருந்தது.

திருநாளன்று மெழுகுவர்த்தியோடு உறவே கூடியிருந்தது. மந்திரிக்க ஃபாதர் தீர்த்தத்தோடு காத்திருந்தார். நான் சிலுவையை நட்டில் திருகினேன். அதன் முகம் எங்களைப் பார்த்து நின்றது, இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து.

"மச்சான், குடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு லா. இன்னும் கொஞ்சம் திருப்புங்க," என்றான் சேவியர்.

பல்லைக் கடித்துக்கொண்டு கால் சுற்று திருப்பினேன். சாய்வு மறைந்து நேராகத் தெரிந்தது. ஆனால் சிலுவையின் முகம் பக்கத்துக் கல்லறைக்குப் போய்விட்டது. திரும்ப இழுத்தேன். கோணல் மரை நட்டைக் கவ்விக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

மாமனார் மெதுவாகச் சொன்னார்: "விடுங்க மாப்ள. உயிரோட இருக்கும்போதே அவ உங்களுக்கு முகம் குடுக்கல. இப்ப மட்டும் குடுத்துடுவாளா?"

கல்லறைத் தோட்டமே சிரித்தது. ஃபாதர் தீர்த்தச் செம்பால் வாயை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

பிறகு மரை போடும் வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வேறு சிலுவை செய்கிறேன் என்று கெஞ்சியும் பார்த்தேன். "அது அம்மா மாதிரியே இருக்கு, யாரும் தொடக்கூடாது," என்று ரீத்தாவே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் புது மருமகள்களுக்கும் மருமகன்களுக்கும் சேவியர் இந்தக் கதையை நடித்தே காட்டுகிறான். பிறகு எல்லாரும் பக்கத்துக் கல்லறைப் பக்கமாய்ச் சுற்றிப் போய், சாய்ந்த சிலுவையின் முகம் பார்த்து ஜெபிக்கிறார்கள்.

நான் மட்டும் முன்னாலேயே நின்றுகொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால் சாய்வே தெரியாது. பக்கவாட்டில் பார்ப்பதால் சிலுவையும் தெரியாது. வெறும் கம்பிதான் நிற்கும்.